பிரி

தாயாறு என்று பெயர் வாங்கிய எங்கள் ஆற்றில்
மார்ச் மாதம் பனிக்கட்டி வெடிக்கும் சத்தம்
தார்த்து மருத்துவமனையின் நான்காம் மாடிவரை கேட்கும்.
அன்று எனக்குக் கேட்கவில்லை.
மெழுகுக் கட்டியை மூன்று மைக்ரான் தடிமனில்
சீவிக்கொண்டிருந்தேன்.

மிர்தெல் ராண்ட்மேட்ஸ். வயது மூன்று.
சிறுமூளை, நடுப்பகுதி.
சீட்டில் இவ்வளவுதான்.
மீதியைத் தாதி சொன்னாள்:
குழந்தை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாளாம்,
அளவு சரியில்லை என்று நினைத்து
தாய் மூன்று முறை காலணி மாற்றினாளாம்.
அறுவை அறை வாசலில்
இரண்டு பேரின் விரல்களையும் பிரித்தெடுக்க
நேரமானதாம்.

சாயம் ஏற்றிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன்.
இடைவெளியே இல்லை.
கருநீலக் கடுகைக் கொட்டியதுபோல் உட்கருக்கள்
ஒன்றின் விலாவில் ஒன்று இடித்து,
கடைசிப் பேருந்தில் ஏறத் துடிக்கும் கூட்டம்.

ஒப்பிட இன்னொரு கண்ணாடி இருக்கிறது.
பிறக்காமல் போன சிசுவின் சிறுமூளை,
இருபத்திரண்டாம் வாரம்,
பெயரில்லை, எண் மட்டும்.
அதன் விளிம்பிலும் அதே கடுகு.
வேலைக்குச் சேர்ந்த வருடம்
இரண்டையும் மாற்றி அடுக்கிவிட்டேன்.
டாக்டர் இந்த்ரெக் திட்டவில்லை.
வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு
"தப்பு உன்னுடையது மட்டுமில்லை" என்றார்.

கருவுக்குள் ஒரு சொல் புழங்குகிறது:
பிரி.
கிளை விரித்த பெரிய செல்கள் கீழிருந்து சொல்ல
விளிம்பில் நிற்கும் குஞ்சுகள் கேட்கின்றன.
ஒன்று இரண்டு, இரண்டு நான்கு,
நிற்க, குதிக்க,
கரண்டியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக
எத்தனை கோடி வேண்டுமோ அத்தனையும்
அந்த ஈரெழுத்திலிருந்து.
காதருகே காவலுக்கு ஒரு ஜீன்.
சொல் வந்தால் விலகும், ஓய்ந்தால் அடைக்கும்.
குழந்தை நடக்கப் பழகிய கொஞ்ச நாளில்
எல்லாம் உள்ளே இறங்கியிருக்கும்.
விளிம்பு, சந்தை கலைந்த சதுக்கம்.

மிர்தெலுக்குக் காவல் இல்லை.
ஒரு பிரதி தொலைந்தது,
மற்றதில் ஒரே ஓர் எழுத்துப் பிழை.
யாரும் சொல்லாமலே
சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அதற்கு அறிவியல் வைத்த பெயர் முள்ளெலி.
அது கெட்டுப்போன ஈப்புழுவின் உடம்பெல்லாம்
முள் நின்றதாம்.
வைத்தவர் சிரித்துக்கொண்டேதான் வைத்திருப்பார்.
அறிக்கை எழுத உட்கார்ந்த இந்த்ரெக்
பேனாவை மூடினார், திறந்தார்.
வெளியே பெஞ்சில் கிடந்த கம்பளித் தொப்பியில்
ஒரு முள்ளெலி பின்னியிருந்தது.
மூன்றெழுத்துச் சுருக்கம் போதும் என்று விட்டுவிட்டார்.

சொல்லை அடைக்க மாத்திரை உண்டா
என்று கேட்டாள் கைரே, தாய்.
உண்டு.
ஆனால் எலும்பும் அதே சொல்லைக் கேட்டுத்தான் வளர்கிறது.
அடைத்தால் தொடையெலும்பின் நுனி இறுகிவிடும்,
குழந்தை இதே உயரத்தில் நின்றுவிடுவாள்.
அதைச் சொல்லும்போது இந்த்ரெக்கின் கை
தன்னையறியாமல்
மேசை மட்டத்தில் ஓர் உயரம் காட்டியது.
உடனே இறக்கிக்கொண்டார்.

"என்னிடமிருந்தா?"
சட்டைக் கையை அவளே மடித்தாள்.
முழங்கையில் கம்பு மாவு ஒட்டியிருந்தது,
ரொட்டிக்கடையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.
தகப்பனின் ரத்தக் குழாய்
ஹெல்சிங்கியிலிருந்து கூரியரில் வந்தது,
கட்டட வேலையில் விடுப்பில்லை.

பன்னிரண்டாம் நாள் சொன்னோம்:
உங்களிடமிருந்தில்லை, அவரிடமிருந்துமில்லை.
முகம் தெளியும் என்று நினைத்தேன்.
"அப்படியென்றால் யார்?"

எந்த ராத்திரி என்று தெரியாத ஒரு ராத்திரி.
கோடி முறை சரியாக எழுதிய கை
ஒரு முறை பிசகியது.
இதைத்தான் இந்த்ரெக் நல்ல வார்த்தைகளில் சொன்னார்.

"நான் யாரையாவது திட்ட வேண்டாமா டாக்டர்?"

அறையில் ஹீட்டர் மட்டும் பேசியது.
அவள் குனிந்தாள்.
மொட்டைத் தலையோடு நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தவளின்
அவிழ்ந்த கயிற்றை இழுத்து
இரட்டை முடிச்சுப் போட்டாள்.
பெருவிரலால் காலணியின் நுனியை அழுத்திப் பார்த்தாள்.

அளவு சரியாகத்தான் இருந்தது.